உப்புவெளியில் நீச்சல் தடாகம் கழுவும் தொழில்: முதல் நாலு வீட்டுக்கு

திருகோணமலை நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ஆறு வருஷம் நீச்சல் தடாகம் பார்த்தேன். இப்போது உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு என்று ஒன்பது வீட்டுத் தடாகங்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. தொழில் தொடங்க வரும் தம்பிமார், "அண்ணை, முதல்ல என்ன சாமான் வாங்கிறது?" என்றுதான் கேட்பார்கள். வலையும் பிரஷும் பிறகு பார்க்கலாம், தண்ணி சோதிக்கிற கிட் ஒன்று வாங்குங்கோ. பச்சைத் தண்ணி யாருக்கும் தெரியும். கண்ணாடி மாதிரித் தெளிந்து கிடக்கிற தண்ணியில் குளோரின் துளியும் இல்லாமல் இருக்கலாம். அதில்தான் பிள்ளைகள் இறங்குகிறார்கள்.

தண்ணியை மேலால் அள்ளாதீங்கோ. முழங்கை நனையக் கையை விட்டு, தண்ணி வந்து விழுகிற வாய்க்குத் தள்ளி எடுங்கோ. கிட்டில் இருக்கிற குழாயில் எடுத்த தண்ணிக்கு மருந்துத் துளி விட்டு மூடி, ஆட்டி, வெள்ளைக் கடதாசிக்கு முன்னால் பிடித்து நிறம் பாருங்கோ. பி.எச். (தண்ணியின் அமில, கார அளவு) 7.2 இலிருந்து 7.6 வரை, குளோரின் 1 இலிருந்து 3 பி.பி.எம். (ஒரு லீற்றருக்கு ஒரு மில்லிகிராம்தான் ஒரு பி.பி.எம்.) வரை இருந்தால் நல்லது. பி.எச். ஏறிவிட்டால் எவ்வளவு குளோரின் போட்டாலும் அது சோம்பித்தான் வேலை செய்யும். அதனால் முதலில் பி.எச்.ஐச் சரிக்கட்ட வேணும்.

கண்மட்டத்தில் போடாமல் கணக்குப் பார்த்துப் போடுங்கோ. 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி 1.4 மீற்றர் ஆழம் என்றால் ஏறத்தாழ 45,000 லீற்றர். அதில் குளோரினை 2 பி.பி.எம். கூட்ட, 65 சதவீதக் குளோரின் தூளில் (கல்சியம் ஹைப்போகுளோரைட்) சுமார் 140 கிராம் போதும். வெயில் குளோரினைத் தின்றுவிடும், பொழுதுபட்ட பிறகு போடுங்கோ. வாளியில் முதலில் தண்ணி, பிறகுதான் தூள்.

இதைக் கட்டாயம் கேளுங்கோ. ஹோட்டலில் முதல் வருஷம், குளோரின் வில்லை கரைத்த வாளியைக் கழுவாமல் அதிலேயே தூளைக் கொட்டினேன். இரண்டும் குளோரின்தானே என்று நினைத்தேன். சீறிக்கொண்டு மஞ்சள் புகை எழும்பியது. ஓடித் தப்பினாலும் இரண்டு நாள் இருமினேன். தூளும் வில்லையும் வேறு வேறு இரசாயனம், ஒன்றோடொன்று சேரவே கூடாது. பி.எச். குறைக்கப் போடுகிற அசிட் இரண்டோடும் சேரக் கூடாது. மோட்டார் சைக்கிளில் கொண்டு போகும்போதும் ஒரே பெட்டியில் வைக்காதீங்கோ. ஒவ்வொன்றுக்கும் தனி வாளி, தனிக் கரண்டி.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணலும் வேப்பஞ்சருகும் தண்ணி இழுக்கிற வாயில் இருக்கிற கூடையை அடைக்கும். பில்டரின் அழுத்த மானி, சுத்தமாக இருந்தபோது காட்டியதை விட 8 இலிருந்து 10 பி.எஸ்.ஐ. ஏறினால் பேக்வாஷ் செய்யுங்கோ, அதாவது தண்ணியைத் திருப்பி விட்டு பில்டரைக் கழுவுங்கோ. மோட்டரை நிறுத்தாமல் வால்வைத் திருப்ப வேண்டாம். சில வளவுகளில் கிணற்றுத் தண்ணியில் இரும்பு இருக்கும், குளோரின் பட்டதும் தேத்தண்ணி நிறமாகிவிடும். புது வீடு ஏற்க முன் ஒரு வாளித் தண்ணியில் பரீட்சித்துப் பாருங்கோ.

மாரியில் ஆட்கள் வரமாட்டார்கள், வேலை இல்லை என்று நினைக்க வேண்டாம். பூட்டிக் கிடக்கிற வீட்டுத் தடாகத்தில் நுளம்பு ஏழெட்டு நாளில் முட்டையிலிருந்து பறக்கிற அளவுக்கு வளர்ந்துவிடும். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி நுளம்பு பெருக இடம் கொடுப்பது குற்றம். வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரருக்கு இதைச் சொல்லி, பன்னிரண்டு மாதத்துக்கும் பேசி எடுங்கோ. கூலி வேறு, கெமிக்கல் காசு வேறு என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கோ. மழைக்குக் கெமிக்கல் செலவு கூடும், கூலிக்குள் அடக்கினால் கையைக் கடிக்கும். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்து வையுங்கோ.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். திகதி, பி.எச்., குளோரின், போட்ட கிராம் எல்லாம் அதில் இருக்கும். புதன்கிழமைகளில் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் கனடாவில் இருக்கிற வீட்டுக்கார அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். என் மூன்றாவது வீடும் நாலாவது வீடும் அந்தப் படங்களை அவ காட்டித்தான் வந்தன.