நாரி நோவுக்கு ஊரில் வகுப்பு நடத்துவது எப்படி

முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் கையால் இயக்கிச் சிகிச்சை செய்யும் கைரோபிராக்டரிடமும், வைத்தியசாலையில் பணியாற்றும் இயன்மருத்துவரிடமும், முறிவு நெரிவு பார்க்கும் பரிசாரியாரிடமும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஏறக்குறைய ஒரே விதமான ஆட்களே வருகிறார்கள்: வயலுக்கு மருந்து அடித்துத் தோள் இறுகிய வேளாண்மைக்காரர், கரைவலை இழுத்து நாரி (கீழ்முதுகு) பிடித்த மீனவர், தறியில் நாள் முழுவதும் குனிந்திருக்கும் மருதமுனை நெசவாளர், குண்டும் குழியுமான பாதையில் ஓட்டோ ஓட்டுபவர். கையால் செய்யும் சிகிச்சை அவர்களுக்குச் சில நாள் சுகம் தரும்; ஆனால் மூட்டையைத் தூக்கும் விதமும் நோவைப் பற்றிய பயமும் மாறாதவரை அதே ஆள் அடுத்த போகத்தில் அதே நோவுடன் வந்து நிற்பார். ஆகவே, இத்தொழிலில் இருப்பவர் தம் அறையை விட்டு வெளியே வந்து ஊரவர்களுக்குக் கற்பிப்பதைத் தொழிலின் சரிபாதியாகவே கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அத்தகைய வகுப்பைத் தொடங்கி நடத்தும் முறையை இங்கே எழுதுகிறேன்.

கற்பித்தல் இத்தொழிலுக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் 1895ஆம் ஆண்டு கைரோபிராக்டிக் முறையைத் தொடங்கிய டி. டி. பாமர், இரண்டு ஆண்டுகளுக்குள் அதற்கென ஒரு பாடசாலையையும் நிறுவினார். உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டி, மருத்துவக் கல்வி எதுவும் முன்பு பெறாத ஒருவர் கைரோபிராக்டராவதற்குக் குறைந்தது 4,200 மணித்தியாலப் பயிற்சியைக் கோருகிறது. அதில் 1,000 மணித்தியாலமாவது மேற்பார்வையின் கீழ் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சியாக இருத்தல் வேண்டும். நோயாளிகளுக்கான வகுப்பு என்ற எண்ணம் சுவீடனிலிருந்து வந்தது. மரியான் சக்ரிசன் போர்செல் என்ற இயன்மருத்துவர் 1969இல் அங்கே ‘முதுகுப் பள்ளி’யைத் தொடங்கி, முக்கால் மணித்தியாலம் கொண்ட நான்கு பாடங்களாக அதனை வகுத்தார். நம் ஊர்களுக்கும் நான்கு பாடம் போதும். அதற்கு மேல் நீட்டினால் ஆட்கள் வரமாட்டார்கள்.

காலத்தைத் தெரிவதில் கவனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பெரும்போக விதைப்பு நடக்கும்போதோ, மாசி, பங்குனியில் அறுவடை நடக்கும்போதோ வட்டைக்குள் (வயல்வெளியில்) இருப்பவரை மண்டபத்துக்கு அழைப்பதில் பயனில்லை. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு நடக்கும் ஊர்களில் அந்தக் கிழமைகளை விட்டுவிட வேண்டும். முஸ்லிம் ஊர்களில் நோன்புக் காலத்தையும் வெள்ளிக்கிழமையையும் தவிர்த்து, அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட பின்னேரத்தைக் கேட்டுப் பெறலாம். பெண்களுக்கெனத் தனி வகுப்பும், அதனை நடத்த ஒரு பெண்ணும் இருந்தால் அவர்கள் தயக்கமின்றிப் பாயில் படுத்துப் பயிற்சி செய்வார்கள். விதைப்புக்கு முந்திய ஆவணி, புரட்டாதி மாதங்களே மிகவும் ஏற்றவை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு முதலில் அறிவித்துவிட்டு, விவசாயிகள் அமைப்பு, மீனவர் கூட்டுறவுச் சங்கம், மாதர் சங்கம் ஆகியவற்றில் ஒன்றின் வழியாக அழைப்பு விடுவது நல்லது. தனியொருவர் நோட்டீஸ் ஒட்டி அழைத்தால் அது வியாபாரமாகவே பார்க்கப்படும்.

முதலாம் பாடத்தில் எதை இந்த வகுப்பு தீர்க்காது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நாரி நோவு, கழுத்து நோவு, அவற்றோடு வரும் சில தலையிடிகள் ஆகியவற்றுக்கு அப்பால் சலரோகம், ஆஸ்துமா, காது கேளாமை என்று எதற்கும் முள்ளந்தண்டைச் சொடுக்கிக் குணம் காட்டலாம் எனக் கூறுவது நேர்மையன்று. சொடுக்கும்போது கேட்கும் சத்தமும் எலும்பு இடத்துக்கு வந்த சத்தமல்ல. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழ் உண்டாவதோடு தொடர்புடைய சத்தம் அது. இதை வெளிப்படையாகச் சொல்பவரைத்தான் ஊர் நம்பும்.

அடுத்து, யார் பயிற்சியைத் தொடங்காமல் நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டறிய வேண்டும். நாரி நோவோடு சலம் போவது தடைப்பட்டாலோ, மலசலம் அடக்க முடியாமற் போனாலோ, தொடைகளுக்கு நடுவில் விறைப்பு ஏற்பட்டாலோ, இரு கால்களும் பலமிழந்து வந்தாலோ அது அவசர நிலை. அன்றே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ, அம்பாறை பொது வைத்தியசாலைக்கோ, அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ கொண்டுசெல்ல வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகு நோவு, காரணமின்றி உடல் மெலிதல், படுத்தாலும் தணியாத இரவு நோவு, முன்பு புற்றுநோய் வந்த வரலாறு, மரத்திலிருந்தோ மோட்டார் சைக்கிளிலிருந்தோ விழுந்தபின் தொடங்கிய நோவு ஆகியவையும் வைத்தியர் பார்க்க வேண்டியவை. காசநோய் முள்ளந்தண்டையும் தாக்கும் என்பதை நம் நாட்டில் மறக்கக் கூடாது. மூப்படைந்த பெண்களின் எலும்பு தேய்ந்திருக்கலாம் என்பதால், சிறு விழுகையையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படங்களைப் பையில் வைத்துக்கொண்டு வருபவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்கு ஆறுதலாகச் சொல்லக்கூடிய உண்மை ஒன்று உண்டு. நோவே இல்லாத 3,110 பேரின் படங்களை ஆராய்ந்த கட்டுரைகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில், 20 வயதினரில் 30 வீதமானோருக்கும் 80 வயதினரில் 84 வீதமானோருக்கும் முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் பிதுங்கியிருந்தது. அதாவது, படத்தில் தெரியும் பிதுக்கம் பல வேளைகளில் நரைமுடியைப் போல வயதின் அடையாளமே. ‘உங்கள் முள்ளந்தண்டு தேய்ந்துவிட்டது, இனி மூட்டை தொட வேண்டாம்’ என்ற ஒரு வசனம் உழைத்து உண்ணும் ஒருவரைப் பல ஆண்டுகளுக்கு முடக்கிவிடும். நாம் வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டே சொல்ல வேண்டும்.

இரண்டாம் பாடம் சுமையைப் பற்றியது. இதற்கு மண்டபத்தில் ஓர் உரப் பை இருக்க வேண்டும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நையோஷ், எல்லாம் சாதகமாக அமைந்த நிலையில்கூட ஒருவர் தனியே தூக்கத் தகுந்த நிறையை 23 கிலோ என்று வரையறுக்கிறது. நம் உரப் பை 50 கிலோ. ஆகவே முதற் போதனை இருவர் சேர்ந்து தூக்குவது, அல்லது மேசை உயரத்தில் வைத்து அங்கிருந்து தோளுக்கு ஏற்றுவது. கால்பங்கு நிரப்பிய பையை வைத்து ஒருவரை அழைத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் பைக்கு ஒரு முழம் தள்ளி நின்று, முழங்கால் மடக்காமல், பையின் இரு காதுகளையும் பிடித்து வெடுக்கெனத் தூக்குவார்கள். அப்போது திருத்துங்கள் (‘காக்கா’ என்பது இங்கே முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்): ‘காக்கா, பைக்கு இரு பக்கமும் கால் வைத்து நில்லுங்கள்; பையை முதலில் உங்கள் பக்கம் சரியுங்கள்; வயிற்றோடு அணைத்த பிறகு இடுப்பால் எழும்புங்கள்; திரும்ப வேண்டுமென்றால் நாரியைத் திருப்பாமல் பாதத்தை எடுத்து வையுங்கள்.’ பை உடம்பிலிருந்து விலக விலக நாரித் தசைகள் ஈடுகொடுக்க வேண்டிய விசை பெருகுகிறது என்பதை, நீட்டிய கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலைப் பிடிக்கச் செய்தாலே அவர்கள் உணர்ந்துகொள்வார்கள்.

மருந்து அடிக்கும் தாங்கியை நிலத்திலிருந்து முதுகில் ஏற்றாமல் வரம்பிலோ பெட்டியிலோ வைத்து ஏற்ற வேண்டும். இரு தோள் வாரையும் சம நீளத்தில் இறுக்கி, பாதியளவு நிரப்பி இரு தடவை போவது முழுத் தாங்கியோடு ஒரு தடவை போவதைவிட நல்லது. கரைவலை இழுப்பவர்கள் கைகளால் மட்டும் இழுக்காமல் கயிற்றை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக் காலால் நிலத்தை உதைத்துப் பின்னோக்கி நடப்பதும், இழுக்கும் பக்கத்தை இடையிடையே மாற்றுவதும் உதவும். நெசவாளர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு: எவ்வளவு சரியாக அமர்ந்தாலும் நெடுநேரம் அசையாதிருப்பதே நோவைக் கொணரும், அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து, இடுப்பில் கைவைத்துச் சற்றுப் பின்னே வளைந்துவிட்டு அமர வேண்டும். நாள் முழுவதும் சாரதி ஆசனத்தில் இருக்கும் ஓட்டோக்காரருக்கும் இதுவே மருந்து.

மூன்றாம் பாடத்தில் மூன்று பயிற்சிகளை மட்டும் கற்பியுங்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஸ்டுவர்ட் மெக்கில் முள்ளந்தண்டுக்கு அதிகச் சுமை தராமல் தசைகளைப் பலப்படுத்தப் பரிந்துரைத்தவை இவை. முதலாவது, மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மடக்கி, இரு கைகளையும் நாரிக்குக் கீழே வைத்து, தலையையும் தோளையும் மட்டும் பாயிலிருந்து சிறிது உயர்த்துவது. இரண்டாவது, ஒருக்களித்துப் படுத்து முழங்கையிலும் முழங்காலிலும் ஊன்றி இடுப்பை உயர்த்துவது. மூன்றாவது, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்று, வலக்கையையும் இடக்காலையும் ஒருங்கே நீட்டிப் பின் மாற்றுவது. ஒவ்வொன்றையும் 10 விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டியதில்லை. மூச்சை அடக்கவும் கூடாது. பாயில் படுக்க இயலாத முதியவர்கள் இரண்டாவதைச் சுவரில் முழங்கையை ஊன்றி நின்றபடியே செய்யலாம். இவற்றோடு தினமும் நடக்க வேண்டும். கடற்கரை மணலில் நடப்பதானால் ஈரம் இறுகிய விளிம்பே நல்லது. உலர்ந்த மணலில் கால் புதைவதால் நாரி விரைவில் களைத்துவிடும்.

நோவு கூடிய நாளில் என்ன செய்வது என்பதை எழுதியே கொடுத்துவிடுங்கள். படுக்கையில் கிடப்பது பலன் தராது. முடிந்த அளவு நடமாடினால் புதிதாக வந்த நாரி நோவு பெரும்பாலும் சில கிழமைகளில் தணியும். சூட்டு ஒத்தடமும் எண்ணெய் பூசுவதும் சுகம் தருமாயின் செய்யலாம். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நாட்பட்ட நாரி நோவுக்கான வழிகாட்டி கல்வி, உடற்பயிற்சி, முள்ளந்தண்டைக் கையால் இயக்குதல், மசாஜ் ஆகியவற்றை ஏற்கிறது. இடுப்புப் பட்டியையும் இழுவைச் சிகிச்சையையும் வழமையாகத் தர வேண்டாம் என்கிறது. கடையில் பட்டி வாங்குவதற்கு வைத்திருக்கும் காசுக்கு நல்ல பாய் ஒன்றை வாங்கலாம். விடியற்காலையில் டிஸ்க்குகள் நீர் உறிஞ்சிப் பருத்திருப்பதால், எழுந்த முதல் இரண்டு மணித்தியாலத்தில் குனிவதைக் குறைத்தவர்களுக்கு நோவு குறைந்ததை ஆய்வாளர் ஸ்டோவர் ஸ்னூக் 1998இல் காட்டினார். முற்றம் கூட்டும் அம்மாமாருக்கு இதற்கு எளிய வழி, நீண்ட பிடி போட்ட தும்புத்தடி.

கழுத்தைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இரு நாடிகள் கழுத்தெலும்புகளின் துவாரங்களின் ஊடாகச் செல்கின்றன. கழுத்தைச் சடுதியாக முறுக்கினால், அரிதாகவேனும், அவை கிழிந்து பாரிசவாதம் ஏற்படலாம். முடி வெட்டியபின் சலூனில் கழுத்தைச் சொடுக்கிவிடும் பழக்கத்தை விட்டுவிடுமாறு இளைஞர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் முறிவு நெரிவு பார்க்கும் பரிசாரியாரையும் வகுப்புக்கு மரியாதையோடு அழைத்து முன்வரிசையில் இருத்துங்கள். மக்கள் முதலில் ஓடுவது அவரிடமே என்பதால், அவசர அறிகுறிகள் அவருக்குத் தெரிந்திருப்பது உயிரையே காக்கக் கூடும்.

நான்காம் பாடத்தை மண்டபத்தில் நடத்தாமல் வட்டையிலோ வாடியிலோ தறிக்கூடத்திலோ நடத்துங்கள். கற்றதை அவரவர் தம் வேலையிலே செய்து காட்டட்டும். ஆறு கிழமைக்குப் பின் மீண்டும் சென்று, நோவு எத்தனை பங்கு குறைந்தது என்று மட்டும் கேளாமல், எந்த வேலையை இப்போது செய்ய முடிகிறது, எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, எந்தப் பயிற்சி கைவிடப்பட்டது என்பவற்றை ஒரு கொப்பியில் பெயருக்கு நேரே எழுதிக்கொள்ளுங்கள். தெளிவாகச் செய்து காட்டக்கூடிய இருவரை அப்போதே இனங்கண்டு, அடுத்த வகுப்பின் இரண்டாம் பாடத்தை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் நின்று திருத்துங்கள்.