மட்டக்களப்புக்குப் புதுசா? முதலில் ஒரு சைக்கிள் வாங்குங்கள்

2021 கடைசியில் கல்யாணமாகித் திருச்சியிலிருந்து மட்டக்களப்புக்கு வந்ததும் மாமனாரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, இங்கே பழைய கார் என்ன விலை என்பதுதான். அவர் சொன்ன தொகையை நம்ம ஊர்ப் பணத்துக்கு மாற்றிப் பார்த்தேன், அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது. இலங்கையில் 2020ல் நிறுத்திய கார் இறக்குமதியை 2025ல்தான் திரும்பத் திறந்தார்கள், வரியும் சும்மா இல்லை.

அதனால் வேலைக்கோ கல்யாணம் முடித்தோ இங்கே வருகிறவர்களுக்குச் சொல்கிறேன், சைக்கிள் போதும். கியர் எல்லாம் வேண்டாம், தட்டையான ஊர், மேடு என்றால் பாலம் ஏறுவதுதான். பழைய லுமாலா கம்பெனி சைக்கிளே போதும், ஆனால் கரியர் கனமாக இருக்க வேண்டும். 12.5 கிலோ கேஸ் சிலிண்டரை நான் அதில்தான் டியூப் ரப்பரால் கட்டிக் கொண்டுவருகிறேன். முதல் தடவை கல்லடிப் பாலத்தில் ஏறும்போது சிலிண்டர் ஒரு பக்கம் சரிந்து, நானும் கூடவே சரியப் பார்த்தேன். எதிரே வந்த ஓர் அண்ணன் தன் சைக்கிளை ஓரமாக நிறுத்தி, ரப்பரை அவிழ்த்து, குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிக் காட்டிவிட்டு, “மறுகா இப்படிக் கட்டுங்க” என்று போய்விட்டார். மறுகா என்றால் இங்கே பிறகு.

சொல் விஷயத்தில் இன்னொன்று, பாதை என்றால் ரோடு மட்டுமில்லை, வாவியைக் கடக்கும் படகும் பாதைதான். “பாதையில ஏறிப் போங்க” என்றால் குழம்பாதீர்கள். கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்கு அப்படித்தான் போவார்களாம், 2014ல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு சைக்கிளிலேயே போகிறோம்.

வீடு தேடும்போது வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். புளியந்தீவு, கோட்டைமுனை, அரசடி, கல்லடி, இதற்குள் என்றால் சந்தையும் ஆஸ்பத்திரியும் மிதிக்கிற தூரம். தள்ளிப்போய் மலிவாக எடுத்தால் மிச்சம் பிடித்ததை ஆட்டோவுக்குக் கொடுப்பீர்கள். காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனைப் பக்கம் பஸ், கொழும்புக்கு உதயதேவி ரயில், சரி, அவ்வளவுதான் போக்குவரத்து.

சிரமமும் உண்டு. நவம்பர், டிசம்பர் மழையில் ஒழுங்கையெல்லாம் (சந்துகள்) வெள்ளம், சைக்கிள் திண்ணையில்தான், அரிசி பருப்பு கருவாடு முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வருஷ நடுவில் கச்சான் காற்று, சூடாக முகத்தில் அறையும், வேலைகளைக் காலை எட்டுக்குள் முடித்துவிடுங்கள். (கச்சான் என்றால் வேர்க்கடலையும்தான், கடையில் கேட்டால் காற்றைத் தர மாட்டார்கள்.)

முதல் வருஷம் வெட்கமாகத்தான் இருந்தது, கனடாவிலிருந்து வந்த உறவுக்காரர்கள் வேனில் இறங்கும்போது நான் வேட்டியை மடித்துக்கொண்டு சைக்கிளில் போய் நின்றேன். மறுகா 2022 பெற்றோல் தட்டுப்பாடு வந்தது. காருக்கு வாரம் 20 லிட்டர் என்று கியூஆர் காட்டி எல்லோரும் வரிசையில் நிற்க, நான் தேங்காய் கட்டிக்கொண்டு அந்த வரிசையோரமாகவே மிதித்துப் போனேன். “பெற்றோல் கேட்காத மருமகன்” என்று மாமனார் தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

காரில் போனால் யாரும் நிறுத்திப் பேச மாட்டார்கள். சைக்கிளில் போனால் படலையடியில், அதாவது வாசல் கேட்டருகே, நிற்கிற ஆச்சி, “எங்க மனே போறீங்க?” என்பார், இறங்கித்தான் ஆக வேண்டும், அரைமணி நேரம் போகும், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். எனக்கு மலிவாக வீடு கிடைத்ததும், நல்ல திரளி கொண்டுவரும் மீன்காரர் யார் என்று தெரிந்ததும் அப்படி நின்ற இடத்தில்தான். அவர் காலை ஏழு மணிக்கு ஹாரன் அடித்துக்கொண்டு வருவார், சில்லறை வைத்திருங்கள்.