உறைபனி ஊரில் குட்டி போடும் மீன்

கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில். இந்த நாலும் முட்டையிடாமல் நேரே குட்டி போடும் மீன்கள். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இவைதான் லேசு என்று கடையில் சொல்வார்கள். நான் இருப்பது ஊட்டி, காந்தல் பக்கம். சில வருடங்களுக்கு முன் கோவையில் பத்து கப்பி வாங்கினேன். "ஹீட்டர் எல்லாம் வேண்டாங்க" என்றார் கடைக்காரர். நம்பி, கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு ஜன்னலோரம் வைத்தேன். மார்கழி மாதம். மூன்றாம் நாள் காலை வெளியே புல்லெல்லாம் வெள்ளை. கிண்ணத்துத் தண்ணீர் 11 டிகிரி. ஒன்றுகூடத் தேறவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. கோவையில் வீட்டுக்குள் தண்ணீர் தானாகவே 25 டிகிரியை ஒட்டி நிற்கும். ஆகவே மலைக்காரர்களுக்கு வேலை இரண்டு மடங்கு: தண்ணீரைச் சூடாகவும் வைக்க வேண்டும், சுண்ணாம்புச் சத்து சேர்த்துக் கொஞ்சம் கடினமாகவும் ஆக்க வேண்டும்.

1. தொட்டி

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கூழாங்கல் போட்டு, மேலே இரண்டு விரல் விட்டால் சுமார் 50 லிட்டர் பிடிக்கும். இதைவிடச் சின்னது மலிவுதான், ஆனால் சட்டென்று குளிர்ந்துவிடும். எல்லாம் சேர்ந்து 65, 70 கிலோ வரும். ஆடுகிற மேசை ஆகாது. ஜன்னலோரமும் வேண்டாம், உள்சுவர் பக்கம் வையுங்கள். அடியில் ஒரு தெர்மாக்கோல் அட்டை, பின்னாலும் இரு பக்கமும் அதே அட்டை, மேலே கண்ணாடி மூடி. பார்க்க அழகில்லை என்று என் அம்மா இன்றும் முணுமுணுக்கிறார். கரண்ட் பில்லைக் கட்டுவது நான்.

2. சூடு

லிட்டருக்கு ஒரு வாட் என்பது சமவெளிக் கணக்கு. ராத்திரியில் அறையே 12 டிகிரிக்கு இறங்கும் வீட்டில் தண்ணீரை 24-ல் நிறுத்த, 50 லிட்டருக்கு 150 வாட் ஹீட்டர் வேண்டும். அது நாள் முழுக்க விடாமல் எரிந்தால் 3.6 யூனிட். தெர்மாக்கோலும் மூடியும் இருந்தால் விட்டுவிட்டுத்தான் எரியும். காற்றுப்பம்பின் குமிழ் வரும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டினால் சூடு தொட்டி முழுக்கப் பரவும். ஹீட்டரில் குறித்துள்ள டிகிரியை நம்பாமல் தனியாக ஒரு தெர்மாமீட்டர் ஒட்டுங்கள். தண்ணீர் மாற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பே சுவிட்சை அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும் கண்ணாடிக் குழாய் தண்ணீருக்கு வெளியே வந்தால் வெடிக்கும்.

ஆடி மழையில் ஒரு கற்பூர மரம் கம்பிமேல் சாய்ந்தால் போதும், கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தொட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள். எவர்சில்வர் பாட்டிலில் சுடுதண்ணீர் நிரப்பி, இறுக மூடி, தொட்டிக்குள் வையுங்கள். ஆறியதும் மாற்றுங்கள். பேட்டரியில் ஓடும் காற்றுப்பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது தீனி போடவே வேண்டாம், செரிக்காது.

3. தண்ணீர்

குளிக்கும்போது சோப்பு தாராளமாக நுரைக்கிறதா? கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு படிவதே இல்லையா? அப்படியென்றால் உங்கள் வீட்டுத் தண்ணீர் மென்னீர். டீக்கு அருமை, இந்த மீன்களுக்கு ஆகாது. அதிலும் மோலி ஒரே இடத்தில் நின்று நடுங்க ஆரம்பித்துவிடும். நன்றாகக் கழுவிய கிளிஞ்சல் இரண்டு கைப்பிடியை வலைத்துணியில் முடிந்து, குமிழ் வரும் இடத்தில் போடுங்கள். சுண்ணாம்புச் சத்து மெதுவாகக் கரையும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தோ, குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விட்டோதான் ஊற்ற வேண்டும்.

4. காத்திருப்பு

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிப்பார்கள். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கினால்தான் மீனுக்கு நிம்மதி. இந்தப் பாக்டீரியா குடியேற வேண்டிய இடம் ஃபில்டர். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், குட்டிகளை உறிஞ்சாது. மீன் இல்லாமலே ஓடவிட்டு, அமோனியா உண்டாவதற்காக இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகைத் தீனி போடுங்கள். ஹீட்டர் முதல் நாளிலிருந்தே எரிய வேண்டும், குளிரில் பாக்டீரியா சோம்பேறி. எனக்கு ஆறு வாரம் ஆனது. டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் தெரிகிறது என்றால் தொட்டி தயார். நண்பர் வீட்டுத் தொட்டியில் ஊறிய பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் நாள் குறையும்.

ஜாவா மாஸ் என்ற பாசி, ஹார்ன்வொர்ட் என்ற நீர்ச்செடி இரண்டையும் அடர்த்தியாகப் போட்டுவிடுங்கள்.

5. மீன்

என் ஓட்டு பிளாட்டிக்கு. 20, 21 டிகிரிக்கு இறங்கினாலும் தாக்குப்பிடிக்கும். மோலிக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஸ்வார்ட்டெயில் துள்ளிக் குதிக்கும், இந்தத் தொட்டி போதாது. வயிற்றுக்கடியில் உள்ள துடுப்பு குச்சிபோல் இருந்தால் ஆண், விசிறிபோல் இருந்தால் பெண். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று வாங்குங்கள், இல்லாவிட்டால் ஆண் துரத்தித் துரத்தியே பெண்ணைக் கொன்றுவிடும்.

நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. மூடி போட்ட தூக்குவாளியில் பாதிக்குத் தண்ணீர், அதைத் தெர்மாக்கோல் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள். மேட்டுப்பாளையம் தாண்டி 14 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் காற்று அவ்வளவு குளிர்ந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் கொட்டிவிடாதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரைத் தூக்கில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள்.

தீனி தினம் இரண்டு சிட்டிகை. வாரம் ஒரு வாளி தண்ணீரை மாற்றுங்கள், சுடுதண்ணீர் கலந்து அதே டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகு. நம்மூர்ப் பச்சைப் பட்டாணியை வேகவைத்துத் தோல் உரித்து மசித்துப் போட்டால் சண்டை போட்டுத் தின்னும்.

6. குட்டிகள்

கடையிலிருந்து வரும் பெண் மீன் பெரும்பாலும் ஏற்கெனவே சூல்கொண்டதுதான். சுமார் நாலு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஆணே இல்லாவிட்டாலும் சேர்த்து வைத்த விந்தைக் கொண்டு மாதக்கணக்கில் தொடரும். தாயே குட்டியைத் தின்னும், பாசிக்குள் ஒளிந்ததுதான் பிழைக்கும். தனிக்கூண்டில் தாயை அடைப்பது எனக்குப் பிடிக்காது, மிரண்டுபோகும். குட்டிகளுக்குப் பொடித்த தீனி போதும். முட்டை மஞ்சள்கரு தண்ணீரைக் கெடுக்கும்.

நாலு மாதத்தில் அந்தக் குட்டிகளும் குட்டி போடும். தொட்டி நிறைந்தால் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள், ஓடையிலோ ஏரியிலோ விடவே கூடாது. நம் நீர்நிலைகளில் இருக்கும் சின்ன மீன்களோடு தீனிக்குப் போட்டி போடும். கொடுக்க ஆள் தீர்ந்த பிறகு நான் பெண் மீன்களை எல்லாம் குன்னூரில் ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது என் தொட்டியில் ஆண் பிளாட்டி ஆறு மட்டும்.