‘கழுதை’ என்று காதில் விழுந்தால் எப்படிப் பொருள் கொள்வது?

வீட்டுப் பேச்சை எழுத்தில் பதிவு செய்கிறவர்களும் வேற்றுமொழிக்குப் பெயர்க்கிறவர்களும் அடிக்கடி சறுக்குகிற சொற்களுள் ‘கழுதை’ ஒன்று. அகராதியைத் திறப்பதற்கு முன், அதைச் சொன்னவர் யார், கேட்டவர் யார், வாக்கியத்தில் அது எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

பேருந்தில் அயலார் ஒருவரை நோக்கிச் சொன்னால் அது ஐயமற்ற வசை; இளையவர் மூத்தவரைச் சொன்னாலும் அப்படியே. கழுதையை இழிவோடு சேர்க்கும் வழக்கம் மிகப் பழையது: பகைவரின் ஊர்களைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கியதைப் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியின் வெற்றியாகவே புறநானூற்றின் 15ஆம் பாடல் பாடுகிறது. ஆனால் வீட்டுப் பெரியவர்களின் வாயில் வரும்போது, முன்னும் பின்னும் உள்ள பேச்சைக் கேட்காமல் முடிவுக்கு வராதீர்கள். பிசைந்த சோற்றுக் கிண்ணத்தோடு பேரன் பின்னால் நடக்கும் பாட்டி, “காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை, ஓடுது பார் கழுதை” என்றால், ‘ஓடுறான்’ என்னாமல் ‘ஓடுது’ என்ற அஃறிணை வினையும் சேர்ந்து கொஞ்சுகிறது. கோபத்திலும் அஃறிணை வரும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. பக்கத்தில் சோறு, குளியல், தூக்கம் என்று ஏதேனும் அக்கறை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதே நான் நம்பும் அடையாளம்.

“பத்து ரூபாதானே, போனாப் போகுது கழுதை” என்று யாரையும் விளிக்காமல் கடைசியில் வந்து நின்றால், அங்கே விலங்கும் இல்லை, திட்டு வாங்கும் ஆளும் இல்லை. இழப்பை உதறித் தள்ளும் தொனி மட்டுமே உண்டு. பெயர்ப்பவர் கழுதையை விட்டுவிட்டு அந்த உதறலைக் கொண்டுபோனால் போதும். “ஏழு கழுதை வயசாச்சு” என்பதிலும் எண்ணைக் கணக்கிட வேண்டாம். வளர்ந்தும் பொறுப்பு வரவில்லையே என்ற அங்கலாய்ப்பு அது.

மிகுதியாகத் தவறு நேர்வது ‘கழுதை கெட்டால் குட்டிச்சுவர்’ என்ற பழமொழியில்தான். இங்கே ‘கெட்டால்’ என்பதற்குக் காணாமற்போனால் என்று பொருள். குட்டிச்சுவர் என்பது இடிந்து குட்டையாக நிற்கும் சுவர். தொலைந்த கழுதையைத் தேடி ஊரெல்லாம் அலைய வேண்டியதில்லை, வழக்கமாக ஒதுங்கும் சுவரடியில்தான் அது நிற்கும். ஆகவே, ஒருவன் நாள்தோறும் போய் உட்காரும் டீக்கடையைக் காட்டி இதைச் சொன்னால், அவன் அங்கேதான் இருப்பான் என்று கொள்ள வேண்டுமே தவிர, கெட்டுப்போனான் என்று கொள்ளக் கூடாது. “குடும்பத்தையே குட்டிச்சுவராக்கிட்டான்” என்பது வேறு வழக்கு. அங்கே சீரழிவுதான் பொருள்.