பைத்தானில் மாறிகளுக்கும் மெத்தட்களுக்கும் தமிழில் பெயரிடுவது எப்படி?

2008 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் நிரல்மொழியின் 3.0 பதிப்பு முதல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஆனால் 2001இல் எழுதப்பட்ட பெப் 8 என்னும் நடைக்கையேடு, பொருள்களை வார்க்கும் அச்சான கிளாஸ்களையும் மாறாத மதிப்புகளான மாறிலிகளையும் பெரிய எழுத்தைக் கொண்டு அடையாளம் காட்டச் சொல்கிறது. தமிழிலோ பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லை. ஆகவே அந்த வேலையை இலக்கணத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

மாறிக்குப் பெயர்ச்சொல்லையும் மெத்தடுக்கு ஏவல் வினையையும் வையுங்கள்: 'வட்டி' என்பது மதிப்பு, 'வட்டி_கணக்கிடு' என்பது செயல். பட்டியல்களுக்குக் 'கள்' விகுதி போதும். உண்மை, பொய் என்ற இரண்டில் ஒன்றை மட்டும் தாங்கும் மாறிக்கு, 'கட்டணம்_செலுத்தப்பட்டதா' என்று வினா எழுத்தான ஆகாரத்தில் முடியும் பெயரே மிகப் பொருத்தமானது. நிபந்தனை வரியில் அதைப் படிக்கும்போது கேள்வி தானாகவே காதில் விழும். அளவைத் தாங்கும் பெயரில் அலகையும் சேர்த்துவிடுங்கள். காத்திருப்பு நேரத்தைப் பைத்தானின் ஸ்லீப் கட்டளை நொடியிலும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் செட்டைம்அவுட் கட்டளை மில்லிநொடியிலும் கணக்கிடுவதால், வெறும் 'நேரம்' என்ற பெயர் படிப்பவருக்கு எதையும் சொல்லாது. 'காத்திருப்பு_நொடி' என்றால் ஐயமே எழாது.

கிளாஸ் பெயரில்தான் உண்மையான இடர் இருக்கிறது. 'மாணவர்' என்ற கிளாஸை எழுதி, அதிலிருந்து உருவாக்கும் பொருளையும் 'மாணவர்' என்ற மாறியில் வைத்தால், கிளாஸின் பெயர் அந்தப் பொருளுக்குப் போய்விடும். அடுத்த மாணவரை உருவாக்க முயலும்போது, இதை அழைக்க முடியாது என்று டைப்எரர் என்னும் பிழைச்செய்தி வரும். எனவே கிளாஸை 'மாணவர்_வகை' என்று முடிப்பதும், மாறாத மதிப்புகளை 'மாறிலி_' என்று தொடங்குவதும் நல்லது.

ஒற்று மிகும் இடங்களில் ஒரே முடிவை இறுதிவரை கடைப்பிடியுங்கள். 'மொத்தத்_தொகை', 'மொத்த_தொகை' ஆகியவை பைத்தானுக்கு இரு வேறு மாறிகள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றில் மதிப்பை இட்டால் பிழைச்செய்தி வராது, புதிய மாறி ஒன்று சத்தமின்றி உருவாகிவிடும். அடிக்கோடு சொற்களைப் பிரித்துவிடுவதால், அவ்விடத்தில் ஒற்றை விட்டுவிடுவதே என் தேர்வு. உரைநடையில் ஒருபோதும் அப்படிச் செய்ய மாட்டேன்.

பல நாட்டினர் பங்கேற்கும் நிரல்களில் ஆங்கிலப் பெயர்களே தகும். பெப் 8இன் பரிந்துரையும் அதுதான்.

விசைப்பலகையையும் கவனியுங்கள். அதைப் பொறுத்து, 'தொகை' என்பதிலுள்ள ஒகரக் குறியை, எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறையான யூனிகோடில் ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் சேமிக்க முடியும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மாறிப் பெயர்களில் பைத்தான் இவற்றை ஒன்றாகக் கொள்ளும், ஜாவாஸ்கிரிப்ட் கொள்ளாது. ஆனால் மேற்கோள் குறிக்குள் இட்ட சரங்களைப் பைத்தானும் ஒன்றாக்காது என்பதால், மதிப்புகளைப் பெயரிட்டுச் சேமிக்கும் டிக்ஷ்னரியில் அந்தப் பெயராக, அதாவது கீயாக, தமிழ்ச் சொல்லைப் பயன்படுத்துமுன் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் வழியாக அதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.