சிறு கேமராவில் தானியங்கி எக்ஸ்போஷரும் வெண்சமநிலையும் அமைக்கும் முறை

சோனியின் ஐஎம்எக்ஸ்219 போன்ற சென்சாரிலிருந்து மூலத் தரவை நேரடியாக எடுத்துப் பார்த்தால், பச்சை படர்ந்து இருண்ட படமே தெரியும். அதைச் சீராக்கும் எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் ஒளியின் அளவு), வெண்சமநிலை (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறங்களைச் சரிசெய்வது) என்ற இரண்டு கட்டுப்பாடுகளும் ஒரே புள்ளிவிவரத்தைத்தான் நம்பியிருக்கின்றன என்பதால், சூத்திரத்தைத் தேடுவதற்கு முன் அந்தப் புள்ளிவிவரத்தைச் சுத்தமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தச் சென்சாரின் 10 பிட் எண்கள் 0 முதல் 1023 வரை செல்லும். ஆனால் ஒளியே இல்லாதபோதும் சுமார் 64 வரும். இந்தக் கருமை அளவை முதலில் கழித்துவிடுங்கள். கழித்த பின் உச்ச எண் 959 ஆகிவிடும். அதை மீண்டும் 1023-க்கு நீட்டாவிட்டால், உச்சத்தைத் தொட்ட பச்சை 959-இல் நின்றுவிட, சிவப்பும் நீலமும் வெண்சமநிலைக் கெயினால் (ஒவ்வொரு நிறத்தையும் பெருக்கும் எண்) அதைத் தாண்டிப்போய், விளக்குகளும் வானமும் இளஞ்சிவப்பாகத் தெரியும். இதே காரணத்தால், மூன்று நிறங்களில் எதன் வெண்சமநிலைக் கெயினும் 1-க்குக் கீழே இறங்கக் கூடாது.

அடுத்து, படத்தை 16×16 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் சராசரியையும் உச்சத்தைத் தொட்ட பிக்சல்களின் எண்ணிக்கையையும் சேகரியுங்கள். எல்லாப் பிக்சல்களையும் படிக்க வேண்டியதில்லை. இடைவெளி விட்டுப் படித்தாலே போதும். வெண்சமநிலைக் கெயினைப் பெருக்குவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

எக்ஸ்போஷருக்கு, ஒளிபதியும் நேரத்தையும் சென்சாரின் கெயினையும் (எல்லா நிறங்களையும் ஒன்றாகப் பெருக்கும் மடங்கு) பெருக்கிவரும் மொத்த அளவையே கட்டுப்படுத்துங்கள். உச்ச அளவில் 18 சதவீதம், அதாவது ஏறத்தாழ 184, இலக்காக இருக்கட்டும். அளந்த சராசரி 46 என்றால் நான்கு மடங்கு தேவைப்படுகிறது. அதை ஒரே தாவலில் கொடுக்காமல், மடக்கை (லாகரிதம்) அளவில் கால் பங்காக, அதாவது 4-இன் நான்காம் மூலமான ஏறத்தாழ 1.41 மடங்கு மட்டும் நகருங்கள். இலக்குக்கு அருகில் வந்ததும் சிறு வேறுபாடுகளைப் பொருட்படுத்தக் கூடாது. பல பிக்சல்கள் உச்சத்தைத் தொட்டிருந்தால் உண்மையான ஒளி எவ்வளவு என்பதைச் சராசரி சொல்லாது. அப்போது மொத்த அளவை நேராகப் பாதியாக்குவதே நல்லது.

பலர் இடறும் இடம் தாமதம். சென்சாருக்கு எழுதிய எக்ஸ்போஷர் நேரம் பொதுவாக இரண்டு ஃபிரேம் (தொடர்ந்து வரும் படங்களில் ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம்) கழித்தும், கெயின் சில சென்சார்களில் ஒரு ஃபிரேம் கழித்தும் நடப்புக்கு வருகின்றன. இதைக் கணக்கில் கொள்ளாத நிரல், பழைய படத்தைப் பார்த்துப் புதிய மதிப்பைத் திருத்திக்கொண்டே போகும். படம் மூச்சு விடுவதுபோல் வெளுத்தும் இருண்டும் ஊசலாடும். ஆகவே எழுதிய மதிப்புகளை ஒரு வரிசையில் சேமித்து, ஒவ்வொரு ஃபிரேமையும் அதற்கே உரிய மதிப்புகளோடு இணைத்துக் கணக்கிடுங்கள். முந்திக்கொள்ளும் கெயினை ஒரு ஃபிரேம் தள்ளி எழுதுங்கள்.

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. எக்ஸ்போஷர் நேரம் 10 மில்லிநொடியின் மடங்காக இல்லாவிட்டால் படத்தில் பட்டைகள் ஓடும். மொத்தம் 15 மில்லிநொடி தேவையென்றால் நேரத்தை 10-இல் நிறுத்தி, மீதியை 1.5 கெயினாகக் கொடுங்கள். ஐஎம்எக்ஸ்219-இல் கெயின் என்பது 256-ஐ, 256-இலிருந்து பதிவேட்டு எண்ணை (சென்சாரின் அமைப்பு நினைவிடத்தில் நாம் எழுதும் எண்) கழித்துவரும் மீதியால் வகுத்த மதிப்பு, ஆகவே 1.5-க்கு 85 எழுத வேண்டும். வெயிலில் 10 மில்லிநொடிக்கும் குறைவாகத் தேவைப்படும்போது இந்த விதியை விட்டுவிடலாம்.

வெண்சமநிலைக்கு, எல்லா நிறங்களின் சராசரியும் சாம்பலாகவே இருக்கும் என்ற எளிய கருதுகோளிலிருந்து தொடங்கலாம்: பச்சைச் சராசரியைச் சிவப்பால் வகுத்தால் சிவப்பின் கெயின், நீலத்தால் வகுத்தால் நீலத்தின் கெயின். ஆனால் படம் முழுக்க நெல்வயலாக இருந்தால் இது வயலின் பசுமையையே அழித்துவிடும். எனவே ஒரு சாம்பல் அட்டையைக் குண்டு பல்பு, குழல்விளக்கு, பகல் வெளிச்சம் ஆகியவற்றின் கீழ் படமெடுத்து, சிவப்பு/பச்சை, நீலம்/பச்சை விகிதங்களைக் குறித்து, அந்தப் புள்ளிகளை இணைத்து ஒரு கோடு வரையுங்கள். கோட்டுக்கு அருகில் விழும் கட்டங்களை மட்டும் சராசரியில் சேர்த்து, உச்சத்தைத் தொட்டவற்றையும் மிக இருண்டவற்றையும் விலக்குங்கள். இலைகளில் இரு விகிதங்களுமே தாழ்ந்திருப்பதால் அவை தாமாகவே விலகிவிடும். மனிதத் தோலோ குண்டு பல்பின் பக்கமாகக் கோட்டை ஒட்டியே விழக்கூடும். முகம் நிறைந்த படங்களில் இந்த முறை தடுமாறுவது அதனால்தான்.

வெண்சமநிலையின் கெயின்களை எக்ஸ்போஷரைவிட மெதுவாக மாற்றுங்கள். எக்ஸ்போஷர் நிலைபெறும்வரை அவற்றைத் தொடாதீர்கள். தேறிய கட்டங்கள் 20-க்கும் குறைவாக இருந்தால் புதிதாகக் கணக்கிடாமல் பழைய கெயினையே வைத்திருங்கள்.