டாஸ்-21 வினாத்தாள்: மனச்சோர்வா, பதற்றமா, மன அழுத்தமா?

டிப்ரஷனையும் "மன அழுத்தம்" என்கிறோம், ஸ்ட்ரெஸ்ஸையும் "மன அழுத்தம்" என்கிறோம். பாதிக் குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. இந்தப் பதிவில் டிப்ரஷன் மனச்சோர்வு, ஆங்சைட்டி பதற்றம், ஸ்ட்ரெஸ் மட்டுமே மன அழுத்தம். மூன்றையும் தனித்தனியே அளக்க ஆஸ்திரேலிய உளவியலாளர்கள் உருவாக்கிய வினாத்தாள்தான் டாஸ் (DASS: Depression Anxiety Stress Scales). 1995-இல் வெளிவந்த கையேட்டில் 42 கேள்விகள். அதன் சுருக்க வடிவம் டாஸ்-21.

படி 1: பதில் எழுதுங்கள்
கடந்த ஒரு வாரத்தை மட்டும் நினைத்துக்கொண்டு, தாளில் உள்ள ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை எண் போடுங்கள். 0 என்றால் கொஞ்சமும் பொருந்தவில்லை. 3 என்றால் பெரும்பாலான நேரம் அப்படித்தான். "நான் எப்போதுமே இப்படித்தான்" என்று நினைத்துப் போட்டால் கணக்கு கெட்டுவிடும்.

படி 2: பிரித்துக் கூட்டுங்கள்
கீழே இருப்பவை கேள்வி எண்கள். ஒவ்வொரு வரியிலும் உள்ள கேள்விகளுக்குப் போட்ட எண்களைத் தனியே கூட்டுங்கள்.
மனச்சோர்வு: 3, 5, 10, 13, 16, 17, 21
பதற்றம்: 2, 4, 7, 9, 15, 19, 20
மன அழுத்தம்: 1, 6, 8, 11, 12, 14, 18

படி 3: இரண்டால் பெருக்குங்கள்
கீழே உள்ள எல்லைகள் 42 கேள்வித் தாளுக்கு வகுத்தவை. பெருக்க மறந்தால் கடுமையான நிலைகூட லேசானதாகவோ இயல்பாகவோ தெரியும். அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

படி 4: ஒப்பிடுங்கள்
மனச்சோர்வு: 0–9 இயல்பு, 10–13 லேசானது, 14–20 மிதமானது, 21–27 கடுமை, 28 முதல் மிகக் கடுமை.
பதற்றம்: 0–7, 8–9, 10–14, 15–19, 20 முதல்.
மன அழுத்தம்: 0–14, 15–18, 19–25, 26–33, 34 முதல்.

மூன்று எண்களையும் அருகருகே வைத்து "எது பெரியது" என்று பார்க்காதீர்கள். மூன்றிலும் 14 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: மனச்சோர்வும் பதற்றமும் மிதமான நிலை, மன அழுத்தமோ இயல்பு. எண்ணைவிட அது விழும் படிநிலைதான் முக்கியம்.

பதற்றக் கேள்விகள் பெரும்பாலும் உடலைப் பற்றியவை: வாய் உலர்வது, மூச்சு வாங்குவது, கை நடுங்குவது, நெஞ்சு படபடப்பது. ஆஸ்துமாவோ தைராய்டு மிகைச் சுரப்போ இருந்தாலும் இந்த எண் ஏறும். மன அழுத்தக் கேள்விகள் எரிச்சல், பொறுமையின்மை, ஓய்வாக இருக்க முடியாமை பற்றிக் கேட்கின்றன. எதிலும் ஆர்வமின்மை, தன்னை மதிப்பற்றவராக உணர்வது, வாழ்க்கை பொருளற்றதாகத் தோன்றுவது மனச்சோர்வின் பக்கம். மூன்றும் சேர்ந்து ஏறுவதும் சகஜம்தான். தாள் அளப்பது கடுமையை, நோய்ப் பெயரை அல்ல.

தூக்கம், பசி பற்றி இதில் கேள்வி இல்லை. தற்கொலை எண்ணம் பற்றியும் இல்லை. அதனால் மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அப்படி ஓர் எண்ணம் இருந்தால் தாளை ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.